ஐந்து நிமிடத்துக்கு ஒரு நாச்சிமுத்து

எழுந்திருக்கக் கூடாது. அதுதான் என் வேலை, வேறு ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும், குழிக்குள் இறங்கியவனின் இடுப்புக் கயிற்றை இடது மணிக்கட்டில் சுற்றியிருக்க வேண்டும், கழுத்தில் விசில் தொங்க வேண்டும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை குழியைப் பார்த்து நாச்சிமுத்து என்று கூப்பிட வேண்டும், அவன் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். குழிக்குள் தலையை நீட்டக் கூடாது. டேனியல் இதையே மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனான். "மேடம், என்ன ஆனாலும் எந்திரிக்காதீங்க. பாத்ரூமுக்குக்கூட." அவன் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு மத்தியானம் வரைக்கும் அந்த நினைப்பே வந்திருக்காது. சேஃப்டி ஆபீசர்கள் எல்லோருக்கும் இந்த வழக்கம் உண்டு, எது நடக்கக் கூடாதோ அதை முதலில் நம் தலைக்குள் நட்டுவிட்டுத்தான் அந்தப்பக்கம் போவார்கள். அவன் போனது கேட்டுக்கு. முதலாளியின் சம்பந்தி வீட்டார் கட்டடம் பார்க்க வந்திருக்கிறார்கள், ஒவ்வொரு தலைக்கும் ஹெல்மெட் மாட்ட வேண்டும், சம்பந்தியம்மாள் கொண்டையோடு வந்திருக்கிறாராம், கொண்டைக்கு மேல் ஹெல்மெட் நிற்கவில்லையாம். குழிக்குள் காற்று நல்ல காற்றா என்று பார்க்கிற மஞ்சள் மீட்டரையும் அவர்களுக்குக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டு போய்விட்டான். கெட்ட காற்று பட்டால் அது பீப் பீப் என்று கத்தும். காசு போட்டவர்களுக்குக் கத்துகிற சாமான் பிடிக்கும், கத்தாமல் தொங்குகிற முகமூடியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இருப்பது ஒரே ஒரு மீட்டர். போவதற்கு முன்னால் குழிக்குள் இறக்கிப் பார்த்தான், கத்தவில்லை, நாச்சிமுத்து இறங்கினான், சரியாகத்தான் இருக்கிறது. மணி பத்து இருபது. ஒரு இறக்கத்துக்கு நாற்பது நிமிடம். பதினொன்றுக்கு அவன் மேலே வருவான், நான் எழுந்து போவேன். அந்த நினைப்பு மறுபடியும் வருகிறது. வேறு எதையாவது நினைக்க வேண்டும்.

இந்தக் கட்டடம் என்றைக்காவது தீப்பிடித்தால் அணைப்பதற்கான தண்ணீர் நிற்கப்போகிற தொட்டி இது. பன்னிரண்டு அடி ஆழம், வாய் மட்டும் இரண்டுக்கு இரண்டு. உள்சுவரில் தண்ணீர் கசியாமல் இருக்க ஒரு பூச்சு பூசுகிறார்கள், அந்தப் பூச்சு கெட்டியாக இருக்கிறது என்று தின்னர் ஊற்றி இளக்குகிறார்கள், தின்னரோ பீடி நெருப்பைத் தூரத்தில் பார்த்தாலே பற்றிக்கொள்கிற ஜாதி. தீயை அணைக்கிற தொட்டிக்குள் உலகத்தில் சீக்கிரம் எரியக்கூடிய சாமானை விட்டுவிட்டு, அதற்குள் ஒரு ஆளையும் விட்டுவிட்டு, மேலே ஐம்பத்தொன்பது வயது ஸ்டோர்கீப்பரை உட்கார வைத்திருக்கிறார்கள். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, இரண்டாம் வகுப்பு. பென்சீன் வளையத்தை நான் நோட்டில் வரைந்தால் கோலம் மாதிரி இருக்கிறது என்று லெக்சரர் சொன்னார், அதைப் பாராட்டு என்று மூன்று வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். மணி பத்து இருபத்தைந்து. "நாச்சிமுத்தூ!" குழிக்குள் என் குரல் விழுந்து சுற்றி அகலமாகித் திரும்பி வருகிறது, யாரோ பெரிய மனுஷி கூப்பிடுகிற மாதிரி. "இருக்கறனுங்கம்மா!" அவன் குரல் கொஞ்சம் பிந்தி வருகிறது, முகமூடிக்குள்ளிருந்து பேசினால் பானைக்குள் தவளை பேசுகிற மாதிரிதான் கேட்கும். இரண்டு கன்னத்திலும் டப்பா வைத்த ரப்பர் முகமூடி. இவர்கள் அதற்கு வைத்திருக்கிற பெயர் பன்னி மூக்கு. "ஸ்டோரம்மா, ஒரு பன்னி மூக்குக் குடுங்க" என்றுதான் கேட்பார்கள். கேட்டால்தானே. ஆறு மாதம் யாரும் கேட்கவில்லை. மூச்சு முட்டுதுங்க, வேர்க்குதுங்க, பீடி வாசம் உள்ளேயே நிக்குதுங்க. முகமூடி வேண்டாம், வெல்லம் கொடுங்கள் என்பார்கள். வெல்லமும் வாழைப்பழமும் தின்றால் நெஞ்சில் இறங்கிய சிமெண்டு, பெயின்ட், தின்னர் எல்லாம் வயிற்றுவழியாகப் போய்விடும் என்பது இந்த சைட்டில் கொத்தனாரிலிருந்து கான்ட்ராக்டர் வரை அசைக்க முடியாத சாத்திரம். நெஞ்சுக்குப் போவது ஒரு குழாய், வயிற்றுக்குப் போவது வேறு குழாய் என்று கரும்பலகையில் படம் போட்டேன். எல்லோரும் கவனமாகப் பார்த்தார்கள். கடைசியில் நாச்சிமுத்துதான் எழுந்து, "ரெண்டுக்கும் வாய் ஒண்ணுதானுங்களே" என்றான்.

அப்புறம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. யோசனை என்றால் சாதாரணமில்லை, டேனியலே கைகொடுத்தான். தினமும் காலையில் வெல்லத்தைக் கையில் தருவதில்லை, முகமூடிக்குள் வைத்துத் தருகிறேன். வெல்லம் வேண்டுமென்றால் முகமூடியை வாங்கித்தான் ஆக வேண்டும், கையில் வாங்கியதை மாட்டித்தான் ஆக வேண்டும். முதல் வாரம் வெல்லத்தைத் தின்றுவிட்டு, முகமூடிக்குள் மல்லிகைப்பூ வாங்கி வைத்தாள் ஒருத்தி. இரண்டாவது வாரம் மாட்ட ஆரம்பித்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர் கதவில் ஒரு அட்டையும் எழுதி ஒட்டினேன். தின்னர் ஆவி ஆளை என்ன செய்யும் என்று வரிசையாக. முதலில் களிப்பு, அடுத்துச் சலிப்பு, அதற்கடுத்து மயக்கம், கடைசியில் உறக்கம். களிப்புக்குச் சலிப்பு சரியாக விழுந்தது, மயக்கத்துக்கு உறக்கம் சுமாராகத்தான் விழுந்தது, ஒரு மணிநேரம் அதற்காக உட்கார்ந்திருந்தேன். படித்துவிட்டு டேனியல், "கவிதையா மேடம்?" என்றான். எச்சரிக்கை என்றேன். மணி பத்து முப்பது. "நாச்சிமுத்தூ!" "எறும்பு கடிக்குதுங்கம்மா!" "என்ன?" "பன்னி மூக்குல எறும்புங்க! வெல்லத்துக்கு வந்திருக்குதுங்க!" "தட்டிவிட்டு மாட்டிக்கோ!" "சரிங்க!" இப்போது குரல் தெளிவாகக் கேட்டது, தவளை இல்லை. என் பின்னால் சிரிப்புச் சத்தம். துளசிமணி. நாச்சிமுத்துவின் மனைவி, பூச்சுக் கலக்குகிறவள், ஒவ்வொரு வாளியாகக் கலக்கிக் குழிவாய்க்கு எடுத்துவந்து கயிற்றில் கட்டி இறக்குகிறவள். "எறும்புக்காவது அந்த மூஞ்சி பிடிச்சிருக்குதே, ஸ்டோரம்மா" என்கிறாள். திரும்பிப் பார்க்க முடியவில்லை, நாற்காலி குழியைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறது, கண்ணைக் குழியிலிருந்து எடுக்கக் கூடாது என்பதும் டேனியலின் கட்டளை. குரலை வைத்துத்தான் அவளைப் பார்க்கிறேன்.

ஒரு ஆம்பிளையின் பெயரை இப்படி ஊர் கேட்கக் கூப்பிடுவது எனக்கு இதுதான் முதல்தடவை. இருபத்தாறு வருஷம் ஒரு மனுஷரோடு குடித்தனம் நடத்தி அவர் பெயரை ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னதில்லை. ரேஷன் கார்டில் எழுதியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோது அவள் கையிலிருந்த பேனாவை வாங்கி எழுதிக்காட்டினேன், அவள் என்னை ஊமை என்று நினைத்துக்கொண்டு சத்தமாகப் பேச ஆரம்பித்தாள். ஊமைக்குச் சத்தமாகப் பேசினால் என்ன, மெதுவாகப் பேசினால் என்ன. காலேஜில் படித்தவள்தானே, என்ன வந்தது உனக்கு என்று என் தங்கை கேட்பாள். அவள் தன் புருஷனைப் பெயரோடு வாடா போடாவும் சேர்த்துக் கூப்பிடுகிறவள். எனக்கு அது வாயில் வராது. என்னங்க. அவ்வளவுதான். அதற்கு அவர் ம் என்பார். ஒரே ம், ஆனால் அதில் எத்தனை வகை. பேப்பர் படிக்கும்போது ஒரு ம், பசிக்கும்போது நீளமான ம், என் அண்ணன் வந்திருக்கிறான் என்று சொன்னால் மூக்கிலேயே தங்கிவிடுகிற ம். சிலசமயம் அந்த ம்மும் வராது, அது கோபம். இல்லை, கோபமில்லை, சோம்பல். ம் சொல்வதற்கு உதடுகூடத் திறக்க வேண்டியதில்லையே, அதற்கு என்ன சோம்பல் என்று நானும் பதிலுக்கு மூன்று நாள் பேசாமல் இருப்பேன். இந்த நாச்சிமுத்து பெயரை நாற்பது நிமிடத்தில் எட்டுத் தடவை கூப்பிடப் போகிறேன். அவர் கேட்டால் என்ன நினைப்பார். ம் என்பார்.

மணி பத்து முப்பத்தைந்து. "நாச்சிமுத்தூ!" பதில் இல்லை, பாட்டுதான் வருகிறது. என்ன பாட்டென்று பிடிபடவில்லை, ஒரு இழுவை, பன்னிரண்டு அடி ஆழத்தில் சுவரெல்லாம் பட்டுச் சுற்றுகிறது. "இருக்கியா?" "இருக்கறனுங்க, பாடறது காதுல விழலீங்களா?" "கல்யாணத்தன்னைக்குக்கூடப் பாடினதில்லைங்க இந்தாளு" என்கிறாள் துளசிமணி பின்னாலிருந்து. "குழிக்குள்ள எறக்கி விட்டாத்தான் பாட்டு வரும்போல. ஊட்டுலயும் ஒண்ணு வெட்டச் சொல்லோணும்." நானும் சிரித்தேன். நல்ல குரல்தான். பின்னால் புளோயர் யானைக் குறட்டையாக ஓடிக்கொண்டிருக்கிறது, முதுகுப்பக்கம் வெளிக்காற்றை இழுத்து முன்பக்கம் மஞ்சள் துணிக்குழாய் வழியாகத் தொட்டிக்குள் தள்ளுகிறது, குழாய் என் கால் பக்கத்தில் ஊதிப் புடைத்துக்கொண்டு குழிக்குள் இறங்குகிறது. ஜெனரேட்டர் புகை வராத இடமாகப் பார்த்து வேப்பமரத்தடியில் டேனியல் அதை வைத்தான். அந்தப் பையனுக்கு மண்டை இருக்கிறது. காலையில் துளசிமணி என் ஸ்டோர் நிழலில் டிரம்மை வைத்துக் கலக்கிக்கொண்டிருந்தாள், எனக்கோ தின்னர் நாற்றம் பட்டால் இடது பொட்டில் ஆணி இறங்கும். எடு இதை, அந்தப்பக்கம் எங்கேயாவது கொண்டு போ என்று விரட்டினேன். முணுமுணுத்துக்கொண்டே இழுத்துப் போனாள். பத்து நிமிடத்தில் திரும்பிவந்து சந்தோஷமாகச் சொன்னாள், "நல்ல எடங்க ஸ்டோரம்மா, வேப்பமரத்தடி. சிலுசிலுன்னு காத்து. தின்னர் வாசமே மூக்குல ஏறறதில்லைங்க, ஊத்த ஊத்த எங்கியோ போயிருதுங்க." பார்த்தாயா, நல்லதுக்குத்தான் சொன்னேன் என்றேன். எங்கியோ போயிருதுங்க. கேட்க நன்றாக இருக்கிறது. நம் நாற்றம், நம் தலைவலி, நாம் கேட்ட வசவு, எல்லாம் ஒரு மரத்தடியில் நின்றால் எங்கேயோ போய்விடும் என்றால் நானும் அங்கேயே நாற்காலியைப் போட்டுக்கொள்வேன். எங்கே போகும் என்று மட்டும் கேட்கக் கூடாது.

மணி பத்து நாற்பது. "நாச்சிமுத்தூ!" "மகராணிக்கு வணக்கமுங்க!" என்கிறான். தொடர்ந்து ஒரு சிரிப்பு, கலகலவென்று, நிற்கவே மாட்டேன் என்கிறது. "யாரு மகராணி?" என்று துளசிமணி கத்துகிறாள். "நீ இல்ல!" என்று குழி பதில் சொல்கிறது. எனக்கும் சிரிப்புத் தாங்கவில்லை, சிரித்தால் அந்த நினைப்பு வேறு முட்டுகிறது, காலை ஒன்றன்மேல் ஒன்று போட்டுக்கொண்டேன். என்னை யாரும் மகராணி என்று கூப்பிட்டதில்லை. விளையாட்டுக்கும் இல்லை. ஸ்டோரம்மா, மேடம், அத்தை, ஏம்மா வழிவிடு, அவ்வளவுதான். எழுந்துபோய் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம்போல் இருக்கிறது. ஸ்டோரில் கண்ணாடி இருக்கிறது, கண்ணில் பொடி விழுந்தால் பார்ப்பதற்காக வைத்தது, பாதி ரசம் போனது. அதில் எனக்குத் தெரிவது ஒரு கண்ணும் அரை மூக்கும்தான், மகராணிக்கு அது போதும். கயிறு மணிக்கட்டில் லேசாக ஆடுகிறது. அவன் அந்தப்பக்கம் நகர்கிறான், பூசுகிறான், குனிகிறான், எல்லாம் கயிற்றில் தெரிகிறது. மீன் பிடிக்கிறவர்களுக்கு இப்படித்தான் இருக்குமோ. கயிறு நின்றது. பூசி முடித்து வாளிக்குக் காத்திருக்கிறான்போல. துளசிமணி இன்னும் வாளி கொண்டுவரவில்லையே. கலக்கிக்கொண்டிருக்கிறாள். கட்டை டிரம்மில் தட்டுகிற சத்தம் கேட்கிறது. வெயில் ஏறி நாற்காலியின் கை சுடுகிறது.

மணி பத்து நாற்பத்தைந்து. "நாச்சிமுத்தூ!" சுற்றித் திரும்பி வருகிறது என் குரல், தனியாக. "நாச்சிமுத்தூ! இருக்கியா?" புளோயர் குறட்டை. "வுடுங்க, உம்முனு இருப்பாரு" என்கிறாள் துளசிமணி. "காத்தால தோசை புளிச்சிருக்குதுன்னாரு. உங்கொம்மா வந்து சுட்டுத் தரட்டும்ன்னு சொல்லிப்போட்டேன். நான் பேசுனது கேட்டுச்சல்ல, அதான் வாயத் தொறக்க மாட்டேங்கறாரு. ஊட்டுலயும் இப்படித்தானுங்க, ரெண்டு நாளைக்குக் கல்லு." ஓ, அதுதானா. எனக்குத் தெரியாத கல்லா. தோசையிலிருந்து பிறக்கிற மௌனம் எத்தனை நாள் வாழும், குழம்பிலிருந்து பிறப்பது எத்தனை நாள், எல்லாம் எனக்கு அத்துப்படி. அன்றைக்கும் அதுதான் என்றுதான் நினைத்தேன். என்னங்க, காப்பி ஆறுது என்றேன் சமையலறையிலிருந்து. ம் இல்லை. முந்தின நாள் என் அண்ணன் வந்து போயிருந்தான், அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்தேன். கடுகு வெடித்துக்கொண்டிருந்தது. என்னங்க. இல்லை. மூன்றாவது தடவை கூப்பிட்டேன், குரலைக் கொஞ்சம் உயர்த்தித்தான். இல்லை. சரி, எனக்கென்ன என்று அவர் காப்பியையும் எடுத்து நானே குடித்தேன். நின்றுகொண்டே, வீம்புக்கு, கடைசிச் சொட்டுவரை. இரண்டு காப்பி குடித்தால் எனக்கு நெஞ்சு படபடக்கும், படபடத்தது, அந்தப் படபடப்போடு டம்ளர் இரண்டையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் கூடத்துக்குப் போனேன். பேப்பர் மடியில் இருந்தது. கண்ணாடி மூக்கில் இருந்தது. பேசாமல் இருக்கிற மனுஷரும் பேச முடியாத மனுஷரும் சமையலறையிலிருந்து கேட்டால் ஒரே மாதிரிதான். அதை எந்த அட்டையிலும் யாரும் எழுதி ஒட்டவில்லை. அட்டை. முதலில் களிப்பு. ஏன் இப்போது அது ஞாபகத்துக்கு வருகிறது. முதலில் பாடினான். கல்யாணத்தில் பாடாதவன். முதலில் களிப்பு. மகராணி. சிரித்தான், நிற்காமல் சிரித்தான், நானும் சேர்ந்து சிரித்தேன், என் கையெழுத்து, நான் எதுகை பார்த்து எழுதியது. இல்லை, காற்று நல்ல காற்று, டேனியல் பார்த்தான், மீட்டர் கத்தவில்லை, புளோயர் ஓடுகிறது, இதோ குழாய் புடைத்து நிற்கிறது, வெளிக்காற்று உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கிறது, வேப்பமரத்தடிக் காற்று, சிலுசிலுவென்று, ஊத்த ஊத்த எங்கியோ போயிருதுங்க. எங்கே. எங்கே போகும். ஒன்றும் எங்கேயும் அழிந்துபோவதில்லை, முதல் வருஷம், முதல் பாடம், பரீட்சையில் முதல் கேள்வியாக வந்தது, இரண்டு பக்கம் எழுதினேன், பத்துக்கு எட்டு. அவள் மூக்குக்கு ஏறாத தின்னர் புளோயரின் முதுகுக்குள் ஏறுகிறது. குழாய்வழியாக இறங்குகிறது. நான் விரட்டினேன், அது வேப்பமரத்தடிக்குப் போனது, வேப்பமரத்தடியிலிருந்து நேராக நாச்சிமுத்துவிடம் போனது. அவனிடம் முகமூடி இருக்கிறதே. எறும்பு. வெல்லம். என் வெல்லம்.

கயிற்றை இழுத்தேன். தொளதொளவென்று இரண்டு முழம் வந்தது, அதற்குப் பிறகு கனத்தது, ஆளின் கனம், ஆடாத கனம். விசிலை வாயில் வைத்தேன், மூச்சு வரவில்லை, மறுபடியும் வைத்தேன், வந்தது. ஐம்பத்தொன்பது வருஷமாக ஊதாத ஊதல் எல்லாம் அதில் போயிற்று. "துளசி, டிரம்மைத் தள்ளு! மரத்தடியிலிருந்து தள்ளு! புளோயரை நிறுத்தாதே!" நான் என்ன சொல்கிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை, கயிற்றை நான் இழுக்கிற இழுப்பு புரிந்தது. வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள், "ஏனுங்க!" என்று குழியைப் பார்த்து ஒரு கத்தல், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் கால் வைக்கப் போனாள். பின்னாலேயே இறங்குகிறவர்தான் செத்துப் போவார். முன்னால் போனவரைக் காட்டிலும் பின்னால் இறங்கிச் செத்தவர்தான் அதிகம், அதுவும் என் அட்டையில் இருக்கிறது, அதற்கு எதுகை கிடைக்கவில்லை என்று சிறிய எழுத்தில் எழுதினேன். முந்தானையைப் பிடித்தேன். முந்தானை கையோடு வந்தது, அவள் வரவில்லை. இடுப்பைப் பிடித்தேன். நாற்காலி சாய்ந்தது, இரண்டு பேரும் மணலில் விழுந்தோம், அவள் பாம்பாக நழுவினாள், எனக்கு வேறு வழி தெரியவில்லை, அவள் முதுகின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்கக் கூடாது என்பதுதானே கட்டளை. நாற்காலிதான் மாறியது. "வுடுடீ என்னை!" என்கிறாள், முப்பது வருஷமாக யாரும் என்னை டீ போட்டதில்லை, இப்போது காதில் குளுகுளுவென்றிருந்தது, கத்து, நன்றாகக் கத்து, கத்துகிற வரைக்கும் நீயாவது மூச்சு விடுகிறாய் என்று நினைத்துக்கொண்டே விசிலை ஊதினேன். டேனியல் ஓடி வருவது தெரிந்தது. அவன் கையில் மீட்டர், குழிக்குப் பத்தடி தூரத்திலேயே பீப் பீப் என்று அலற ஆரம்பித்துவிட்டது. அவன் பின்னால் நாலு ஃபிட்டர்கள், அவர்கள் பின்னால் பாதிக் கொண்டையில் ஹெல்மெட் சரிந்த ஒரு அம்மாள். டிரம்மை ஒருவன் உதைத்துத் தள்ளினான். குழிமேல் நிற்கிற இரும்பு முக்காலியில் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார்கள், அவன் இடுப்புப் பட்டையில் மாட்டியிருந்த கம்பி முறுகியது, சுற்றினார்கள், முதலில் ஒரு மஞ்சள் ஹெல்மெட் வந்தது, அடுத்து சாய்ந்த தலை, கழுத்தில் தொங்குகிற பன்னி மூக்கு, அதில் சாரை சாரையாக எறும்பு. முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. இத்தனை நேரம் அடக்கிவைத்திருந்த அந்த இன்னொரு விஷயமும் அப்போது நடந்துவிட்டது, துளசிமணியின் முதுகில், அவளும் கவனிக்கவில்லை, வேறு யாரும் கவனிக்கவில்லை, டேனியல் கவனித்திருந்தால் அவன் நல்ல பிள்ளை.

எத்தனை நேரம் என்று தெரியவில்லை. கடிகாரம் கையில்தான் இருந்தது, பார்க்கவில்லை. காற்றுள்ள பக்கமாகப் படுக்கவைத்து, ஒருக்களித்துத் திருப்பி, டேனியல் முழங்காலில் நின்று நாச்சிமுத்துவின் நெஞ்சை, தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தான், துளசிமணி அவன் காலைப் பிடித்துக்கொண்டு கால் கட்டைவிரலை முறுக்கிக்கொண்டிருந்தாள், அது எதற்கென்று அவளுக்கும் தெரியாது. இருமினான். இன்னொரு தடவை இருமினான், ஒருபக்கமாக வாந்தி எடுத்தான், வெல்லமும் தோசையும். கண்ணைத் திறந்து எங்கள் எல்லோரையும் சுற்றிப் பார்த்தான், கோபமாக. "ஏனுங்க இத்தனை சத்தம்?" என்றான். நான் கேட்டேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை, "கூப்பிட்டேனேப்பா, ஏன் பதில் சொல்லலை?" "சொன்னனுங்களே." "எப்ப சொன்னே?" "நீங்க கூப்பிட்டதுக்கெல்லாம் சொன்னனுங்க. ஒண்ணுவிடாம. இருக்கறனுங்க, இருக்கறனுங்கன்னு எத்தனை தடவை. இவகிட்டக்கூட ஒண்ணு சொன்னேன்." துளசிமணி காலை விட்டுவிட்டு முகத்துக்கு அருகில் வந்தாள். "என்ன சொன்னீங்க?" "தோசை நல்லாத்தான் இருந்துதுன்னு." அவள் ஓங்கி அவன் தோளில் ஒன்று வைத்தாள், வைத்துவிட்டு அங்கேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "அதை வாயில சொல்றதுக்கென்ன கேடு, வாயில சொல்றதுக்கென்ன." "வாயிலதான் சொன்னேன்" என்றான் அவன், பாவம், சத்தியமாக அப்படித்தான் நம்பினான்.

டேனியல் ஆஸ்பத்திரிக்கு வண்டி வரச் சொல்லிவிட்டு என் பக்கம் வந்தான், கையில் விபத்துப் படிவம், காரணம் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நிற்கிறான். "மீட்டரை நான் எடுத்துட்டுப் போயிருக்கக் கூடாது மேடம்" என்றான். அதையும் எழுது, ஆனால் முதல் வரியில் என் பெயரை எழுது, டிரம்மை மரத்தடிக்கு அனுப்பினது நான், முகமூடிக்குள் வெல்லம் வைத்தது நான் என்றேன். அவன் எழுதவில்லை. பேனாவை வாங்கி நானே எழுதினேன், எனக்கு அது பழக்கம்தான். "இனிமே வாயால பதில் வேண்டாம், முகமூடியைக் கழட்டாம சுவத்தைத் தட்டச் சொல்லலாம் மேடம்" என்றான். படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்த நாச்சிமுத்து கொஞ்சம் யோசித்துச் சொன்னான், "தட்டச் சொல்லியிருந்தாலும் நெனப்புலயேதானுங்க தட்டியிருப்பேன்." ஃபிட்டர்கள் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அவன் முன்னே சொன்னதுதான் காதில் ஓடியது. ஒண்ணுவிடாம சொன்னனுங்க. மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்று தடவையும் சொல்லியிருப்பாரோ. காப்பி ஆறுகிறது என்றதற்கு இதோ வருகிறேன் என்று, ம் இல்லை, முழுசாக வாயைத் திறந்து, அண்ணன் வந்தால் வரட்டும் போ என்று, ஒருவேளை என்னைப் பெயர் சொல்லிக்கூட. சொல்லிவிட்டோம் என்ற திருப்தியோடுதான் அந்த முகம் இருந்ததா. நான் அதைச் சிரிப்பு என்று எண்ணவேயில்லை, மூக்குக்கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போன பதினொரு வருஷமாக அந்த ஒரு ம்முக்காகக் கோபமாக இருந்திருக்கிறேன். ஸ்டோருக்குப் போக வேண்டும். எறும்பு இல்லாத முகமூடி எத்தனை இருக்கிறதென்று பார்க்க வேண்டும், அட்டையைக் கிழித்து எதுகை இல்லாமல் புதிதாக எழுத வேண்டும், சேலை மாற்ற வேண்டும். மணலிலிருந்து கையூன்றி எழுந்தேன், மணி பதினொன்று ஐந்து, இப்போது எழுந்திருக்கலாம். நாலடிதான் வைத்திருப்பேன். மணிக்கட்டை ஏதோ பிடித்து இழுத்தது. திரும்பிப் பார்த்தால் கயிறு, என் கையிலிருந்து மணலில் நெளிந்துபோய் அங்கே அவன் இடுப்புப் பட்டையில் இன்னும் முடிச்சோடு இருக்கிறது. யாரும் அவிழ்க்கவில்லை. நாச்சிமுத்து ஒருபக்கமாக இழுபட்டுக்கொண்டு, "ஸ்டோரம்மா, நானும் வரோணுங்களா?" என்கிறான். வண்டி வரும் சத்தம் கேட்டில் கேட்கிறது. அவிழ்க்க வேண்டும், சுற்று மணிக்கட்டில் இறுகியிருக்கிறது, கொஞ்சம் பொறு. கயிற்றை லேசாக ஒரு தடவை இழுத்தேன். அந்த முனையிலிருந்து அவனும் ஒரு தடவை இழுத்தான். "நாச்சிமுத்து" என்றேன், கத்தாமல். "இருக்கறனுங்க" என்றான். எதற்கும் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன்.